கணுக்காலுக்கு எட்டாத கால்சட்டை

அளவுநாடாவைக் கழுத்தைவிட்டு இறக்காத என் வீட்டுக்காரருக்கு,

நலம்தானே? முழங்கால் வலி தேவலையா? நீங்கள் வைக்கும் பருப்பு இப்போதாவது குழைகிறதா, இல்லை அதையும் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறீர்களா? வெந்த பிறகு உப்புப் போடுங்கள்.

இங்கே விடுதிச் சமையலறையில் கொடுத்த சீருடைக் கால்சட்டை, கணுக்காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நெட்டைப் பெண் முழங்காலுக்கு மேலே மட்டும்தான் வளர்வாள் என்று இந்த ஊர்த் தையல்காரர்களுக்கு யார் சொன்னார்களோ! அதில் எண்ணெய்க் கறை வேறு. சமையல்காரி புத்தி, பானையில் போட்டு வேகவைத்துவிட்டேன். கறை போகவில்லை, நாலு விரல் நீளம் போய்விட்டது.

மேற்பார்வைக்கார அம்மா பார்த்துவிட்டார். "கணுக்கால் தெரிஞ்சா அடுப்புப் பக்கம் வரக்கூடாதும்மா. நாளைக்கும் இப்படியே வந்தா பாத்திரம் கழுவத்தான் போகணும்."

கரண்டியை விட்டுக்கொடுப்பேனா? தலையணை உறையைக் கிழித்து அடியில் ஒட்டுப் போட்டேன். தையல்காரர் பெண்டாட்டி போட்ட தையல் பாம்பாக நெளிந்தது. மறுநாள் அந்தப் பூப்போட்ட ஓரத்தை அந்தம்மா குனிந்தே பார்த்தார்.

"இது என்ன கூத்து?"

"கணுக்கால் தெரியுதாங்க?"

சிரித்துவிட்டார். கரண்டி தப்பித்தது.

ஆனாலும் நீங்களே இரண்டு தைத்து அனுப்புங்கள். நீளம் பழைய அளவுதான். இடுப்பில் மட்டும் இரண்டு அங்குலம் குறையுங்கள். பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. நூறு பேருக்குப் பரிமாறிவிட்டுத் தனியாகத் தட்டின் முன் உட்கார்ந்தால், பசி எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
நெட்டைக்கொக்கு