கோப்பை மேல் வைத்த கை

காங்தே, பிப்ரவரி 23

அன்புள்ள யேஷிக்கு,

உன் நம்கே எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, கொட்டிலில் இரண்டு மாடு, என்னைக் கண்டால் மட்டும் குரைக்கும் உங்கள் வீட்டு நாய், எல்லோரும் சௌக்கியம். நீ பெர்த்தில் சௌக்கியமாக இருப்பதை ஞாயிறுதோறும் உன் குரலில் தெரிந்துகொள்கிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நெற்றியைச் சுருக்காதே. போனில் நீ கேட்டு முடிப்பதற்குள் என் வாய் எதையாவது சொல்லிவிடுகிறது. மனம் பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும்போது நீ வேலைக்குக் கிளம்பியிருப்பாய். தாளில் என்றால் அடித்துத் திருத்தலாம். நிறைய அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்தத் தடவை எனக்கு வாய்த்த பயணிகள் உன் புது ஊர்க்காரர்கள். கணவர் கிரஹாம், மனைவி ஹெலன், இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். என் மனைவி பெர்த்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள் என்றதும், கடிதம் எழுதிக் கொடு, கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று ஹெலன் சொன்னாள். அன்றிலிருந்து இந்தத் தாளை உடைக்குள் செருகிக்கொண்டு கணவாய் கணவாயாக ஏறி இறங்குகிறேன்.

முதல் நாள் திம்புவில் நம் தேசிய விலங்கு தாகினைக் காட்டினேன். ஆட்டுத் தலை, மாட்டு உடம்பு, வழக்கமான கதை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன், எல்லோரும் சிரித்துவிட்டுப் படம் எடுப்பார்கள். ஹெலன் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தான் ஆடா மாடா என்று அதற்குத் தெரியுமா என்று கேட்டாள். அது புல்லை மென்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தது.

என் நிலைமையும் அதேதான், யேஷி. உன் விசாவில் கணவன் பெயரைச் சேர்க்க மார்ச் பதினைந்து கடைசி நாள் என்று உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசிக்காத வளைவு இந்த மலைப்பாதையில் ஒன்றுகூட இல்லை.

அறுவடை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். "நீங்களும் இங்கேயே வந்துடுங்களேன்." நான் உடனே, "எனக்கெதுக்கு அதெல்லாம், நீ நல்லபடியா படி" என்றேன். நீ "சரி" என்றாய். அவ்வளவுதான். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

சரி என்று யாராவது சொல்வார்களா? நம் ஊரில் எவன் முதல் தடவையிலேயே ஒப்புக்கொள்வான்? வாயையோ கோப்பையையோ கையால் மூடி மேஷு, மேஷு, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை அகப்பை வரும்போது கையை எடுப்பதுதானே முறை. உங்கள் வீட்டோடு வந்து இரு என்று உன் அப்பா அழைத்தபோதும் இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை அவர் ஆள் அனுப்பியபோது துணிமூட்டை வாசலில் தயாராக இருந்தது. அது உனக்கும் தெரியும், சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதனால் நீ இரண்டாவது தடவை கேட்பாய் என்று நான்கு மாதமாகக் காத்திருக்கிறேன். நீ மழையைப் பற்றியே பேசுகிறாய்.

பெர்த் உன்னை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். உன்மேல் கோபம்கூட வந்தது. இங்கே வந்த பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புனாகாவிலிருந்து ஏறி, யாக்குகள் வழிமறித்து நின்ற கணவாயைத் தாண்டி, நேற்று மாலை இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தோம். தங்கியிருப்பது வழக்கமான வீட்டில்தான், உருளைக்கிழங்கு விவசாயி தின்லே அம்மா வீடு, நாம் ஆம் தின்லே என்று கூப்பிடுகிறவள். அவளை உனக்குத் தெரியும், ஆள் சிறுத்தாலும் அகப்பை சிறுக்காதவள். கிரஹாம் சிவப்பரிசிச் சோறும் மிளகாய்ப் பாலாடைக்கட்டிக் குழம்பும் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார். மரியாதை தெரிந்த மனிதர் என்று அவள் பூரித்துப்போய் இன்னொரு தட்டு வைத்தாள். அவர் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது தட்டும் வைத்தாள். நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. "நீ சும்மா இரு, வெட்கப்படறாரு" என்றாள். மனிதர் கண்ணில் நீர் வழிய அதையும் சாப்பிட்டார். இன்று காலை அடுப்போரம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் மட்டும் குடிக்கிறார். அவர் சொன்னது நிஜமான வேண்டாம்.

காலையில் கொக்கு பார்க்க நாணல் வெளிக்கு ஹெலன் மட்டும் வந்தாள். அவர்களிடம் இரண்டு தொலைநோக்கி உண்டு. என்னுடையதில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு மூன்று வருடமாகிறது, உனக்குத் தெரியும். எல்லாக் கொக்குக்கும் இரண்டு கழுத்து அதில். ஹெலன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன்னிடம் உள்ள இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் வாயைக் கையால் மூடி வேண்டாம் என்றேன். அவள் சரி என்று தலையசைத்து, உறையில் போட்டு, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

வண்டி ஓட்டும் லேகி, நம்மைப் பாரோ விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனவன், மண்சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். நம் போன் கதையை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டேன். அந்த ஊர்க்காரர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள் போலிருக்கிறது, யேஷியும் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்றேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணே, போகாதேன்னு அக்காகிட்ட நீங்க எத்தனை தடவை சொன்னீங்க?"

ஒரு தடவை என்றேன். அவள் போகத்தான் வேண்டும் என்றாள், நானும் விட்டுவிட்டேன் என்றேன்.

"அக்கா கண்ணாடிக் கதவுகிட்ட போயிட்டு ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாங்க. நீங்க குனிஞ்சு பெட்டி வாரை இறுக்கிட்டு இருந்தீங்க. வாரெல்லாம் ஏற்கெனவே இறுக்கமாத்தான் இருந்தது."

யேஷி, அது உண்மையா? நான் பெட்டி வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது உண்மை. நீ திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியாது. நீ கையால் வாயை மூடி மேஷு சொல்லி நின்றாயா, அகப்பையோடு நின்ற நான் உள்ளே போய்விட்டேனா? இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டு, நீ நிறுத்தியதற்கு ஊரைக் குறை சொல்கிறேன்.

இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. அன்று நான் போனில் சொன்னது எந்த வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை. மரியாதைக்குச் சொன்னதா, கிரஹாமுடையதைப் போல நிஜமானதா? உன்னோடு இருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே வந்து நான் என்ன செய்வேன்? எந்தப் பறவை எந்தக் கிளையில் உட்காரும் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன். லேகியிடம் இதையும் சொன்னேன். "பொண்ணு வீட்டுக்குப் போறதுதானே நம்ம வழக்கம், வீடு இப்ப பெர்த்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டி துடைக்கப் போய்விட்டான். அவனுக்கு எல்லாமே சுலபம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பாரோ, பிப்ரவரி 26

மூன்று நாளாக எழுதவில்லை. ஹெலனும் கிரஹாமும் நாளை காலை விமானம் ஏறுகிறார்கள். எப்படியும் இன்று முடிக்க வேண்டும்.

காங்தேயிலிருந்து கிளம்பிய அன்று காலையில் கொக்குகள் கிளம்பின, இந்த வருடத்தின் முதல் கூட்டம். வெயில் ஏறி நாணலில் உறைந்த பனி உருகத் தொடங்கியதும், முப்பது நாற்பது சேர்ந்து கத்திக்கொண்டு எழும்பின. ஆம் தின்லே கையில் சாணிக்கூடையோடு அப்படியே நின்று மேட்டில் இருக்கும் காங்தே மடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மூன்று தடவை மடத்தைச் சுற்றிவிட்டுத்தான் கோடைக்கு வடக்கே திரும்பும், அதைத்தான் பயணிகளுக்கு நான் சொல்வது. கிரஹாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விரல் விட்டு எண்ணினார்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. அதற்குள் மேகம் இறங்கி மடத்தின் பொற்கூரை வரை மூடிவிட்டது. உள்ளே சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கிரஹாம் இரண்டு என்றார். ஆம் தின்லே மூன்று என்றாள், பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, சுற்றாமல் எப்படிப் போகும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வழிகாட்டி நான்தானே. எனக்குத் தெரியாது என்றேன். பன்னிரண்டு வருடத்தில் பயணிகளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் இலேசானது.

இன்று மதியம் ஹெலன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அந்தத் தொலைநோக்கி எனக்கு வேண்டும் என்றேன். நாக்கு கூசியது, காது சூடாகிவிட்டது. பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றாள். மாடிக்குப் போய் அதை வைத்து எதிர் மலையைப் பார்த்தேன். எல்லாம் ஒன்று ஒன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தைரியத்தில்தான் மீதியை எழுதுகிறேன். நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. உன் அம்மா தினமும் உனக்கும் சேர்த்து ஒரு கோப்பை வைக்கிறாள், நான் எடுத்துவைக்கச் சொல்வதில்லை. யேஷி, திரும்பி வா. இது இரண்டாவது தடவை. படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது என்று நீ சொல்வாய், அதுவும் நியாயம்தான். இருந்தாலும் திரும்பி வா. இது மூன்றாவது. விமான நிலையத்தில் நான் உனக்கு வைத்த பாக்கி இது. இரண்டு வருடம் தாமதமாகச் செலுத்துகிறேன்.

இதற்கும் முடியாது என்பது உன் பதிலானால் அது நிஜமான முடியாது, நம்புகிறேன், கோபிக்க மாட்டேன். ஆனால் அப்போது நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். மார்ச் பதினைந்துக்குள் என்னை இன்னொரு தடவை கேள். நான் மறுபடி உளறினாலும் விடாதே, ஆம் தின்லேயை நினைத்துக்கொள். அகப்பையைக் கீழே வைத்துவிடாதே. கேட்க உனக்கு மனமில்லை என்றால் கேட்க வேண்டாம், வழக்கம்போல மழையைப் பற்றிப் பேசு. நான் புரிந்துகொள்வேன்.

ஹெலன் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடு. ஒரு தடவை மட்டும் கேள், போதும். குளிர் நாளில் காதை மூடிக்கொள். வேலை இடத்தில் முதியவர்களைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். காங்தே மடத்தில் உன் பெயரில் ஒரு வெண்ணெய் விளக்கு ஏற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உன் பெயரை மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை போன் பக்கத்திலேயே இருப்பேன். கை கோப்பை மேல்தான் இருக்கும், பழக்கம். ஆனால் அழுத்தி மூடவில்லை, யேஷி.

உன்,
நம்கே