ஐலா அடக்கத்துக்கு நீ போ

அன்பு மவ முஹ்ஸினாவுக்கு உம்மா எழுதுதது, அஸ்ஸலாமு அலைக்கும். தென்காசியில நானும் ஒன் தம்பி ஹுஸைஃபாவும் சொகம், சவுதில தமாம்ல ஒங்க வாப்பாவும் சொகம். நீயும் அப்படித்தான்னு நெனைக்கேன்னு எழுதணும், எழுத மாட்டேன், ஏன்னா நீ சொகமா இல்ல. வாய்ஸ் போட்டா கேக்க மாட்டேங்க, வீடியோ காலும் எடுக்க மாட்டேங்க. அதான் ஒம்பதாங் கிளாஸோட பள்ளிக்கூடச் செவரு ஏறிக் குதிச்சவ ஒக்காந்து வாட்ஸப்புல டைப் அடிக்கேன். தப்பிருந்தா சிரி. நீ சிரிச்சு எம்புட்டு நாளாச்சு.

குத்தாலத்துல அய்யப்ப சாமிமாரு கூட்டம் முடிஞ்சிட்டு, நம்ம துண்டுக் கடையில ஈ ஓட்டுதேன். இங்கன ஆனில சாரல் விழுந்தா ஊரே பல்லக் காட்டிட்டுத் திரியும், வெயில் மறைஞ்சா நமக்குக் கொண்டாட்டம். அதே சனந்தான் ஐப்பசில அருவிக்குத் தடை போட்ட ஒடனே மழைய மண்ணள்ளித் தூத்தும். நீ படிக்கப் போன பின்லாந்துல இதுக்குத் தலைகீழ், வெயில் வந்தாத்தான் கொண்டாட்டம்னு போன ஜூன்லதான் எனக்குத் தெரிஞ்சுது. ராத்திரி பதினொரு மணிக்கு நீ போனத் திருப்பிக் காட்டுத, வெளிய பட்டப்பகலா இருக்கு, ஒன் எதிர் வீட்டு ஐலா நாற்காலியப் போட்டு ஒக்காந்து பச்சப் பட்டாணிய உரிச்சு உரிச்சுத் திங்கா. முப்பது வருசம் டவுன் பஸ் ஓட்டுன பொம்பளைன்னு சொன்ன. நான் அருவியக் காட்டுனேன், சேலையோட குளிக்கதப் பாத்து அவ விழுந்து விழுந்து சிரிச்சா, என்னையும் அங்கன வரச் சொல்லுன்னா. அப்படிப்பட்டவ நவம்பர்ல நீ பிரியாணி கொண்டு போனப்ப கதவ ரெண்டு விரல் அகலம் தெறந்து இப்ப வேண்டாம்னுட்டா. அவளுக்கு ஒன் மேல கோவமோன்னு அழுத. குளிர்காலத்துல இங்க எல்லாரும் இப்படித்தான், மார்ச்சுல வெயில் வந்தா அவங்களே வந்து பேசுவாங்க, தொந்தரவு பண்ணாதன்னு அங்கனயே வளந்த மாடி வீட்டுப் பையன் யாசர் சொன்னான், நீயும் விட்டுட்ட. பொங்கலுக்குள்ள ஹவுஸ் ஓனரு சாவி கொண்டாந்து தெறந்தா செத்துக் கெடக்கா. என்னைக்குப் போனான்னுகூட ஒருத்தருக்கும் தெரியல.

நம்ம தெருவுல நான் ஒருநா காலைல கடைக்குக் கெளம்பலன்னா எதிர் வீட்டு ஸ்ரீதேவி வந்து கதவப் பேத்துருவா. எனக்குக் காய்ச்சல் கண்டப்ப ஏட்டி நூரு செத்துட்டியா உயிரோட இருக்கியான்னு தெரு கேக்கக் கத்துனா. செத்தா சொல்லி அனுப்புதேன் போட்டின்னேன். அவ தொல்ல தாங்கலன்னு ஒன்கிட்ட எத்தன தடவ பொலம்பிருக்கேன். அந்தத் தொல்ல அங்கன ஒருத்திக்குக் கெடைக்கல, அம்புட்டுதான். அதுக்காவ நாந்தான் கொன்னேன்னு நீ எழுதலாமா? வேண்டாம்னு சொன்னவ வீட்டுல எப்படிட்டி போயி நிக்க முடியும்? அவ கதவச் சாத்துனது சீக்காலன்னு அங்கன பொறந்து வளந்தவங்களே கண்டுபிடிக்கல, குளிர்னு நெனைச்சுட்டுப் போயிட்டானுவ. நீ போன கோடையிலதான் அங்கன போன புள்ள, ஒனக்கு எப்படித் தெரியும்?

இப்ப விசயத்துக்கு வாரேன். நம்மள்ல ஒருத்தர் செத்தா மையத்த ஒரு பொழுதுகூட அடக்காம வைக்க மாட்டோம், அங்கன அவள வாரக்கணக்கா ஐஸ்ல வச்சிருக்காங்களாம். வெள்ளிக்கிழமை அடக்கம், அவ அண்ணன் மவன் ஒன்னைய வரச் சொல்லிருக்கான், வேற ஆளே இல்லங்கான், போகவான்னு கேட்டிருக்க. வாப்பாட்ட சொன்னேன். பொம்பளப் புள்ள மையவாடிக்குப் போவாளா, அதுவும் வேற வேதக்காரங்க அடக்கத்துக்கு, நீயும் ஒன் புத்தியும்னு ஏசுனாரு. அப்ப நீங்க பிளைட்டப் புடிச்சுப் போயி நில்லுங்கன்னேன். போன வச்சுட்டாரு. பள்ளிவாசல் ஹஜரத் வீட்டம்மாட்ட கேட்டேன், அவங்க சாயா குடின்னாங்க, அம்புட்டுதான். இனி ஒருத்தருட்டயும் கேக்கப் போறதில்ல. எங்க உம்மா மவுத்தானப்ப மையவாடி கேட்டுக்கு வெளிய ஆட்டோல ஒக்காந்திருந்தேன், உள்ள எந்தப் பக்கம் வச்சாங்கன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. நீ அப்படி இருக்க வேண்டாம். போ. அவங்க சாமி கும்புட்டா நீ சும்மா நில்லு. பாவம் கீவம் வந்தா எங்கணக்குல எழுதட்டும்.

ஆனா இன்னொரு பயம் இருக்கு, சொல்லிருதேன். நீ கிளாஸுக்குப் போவலன்னு எனக்குத் தெரியும். குரலும் தேஞ்சு தேஞ்சு இப்ப மெசேஜ்ல உம் மட்டும் வருது. நீயும் கதவச் சாத்திட்டு, அங்கன உள்ளவங்க குளிருக்குத்தான்னு நெனைச்சுட்டுப் போனா நான் என்ன செய்வேன், இங்கன இருந்து எந்தக் கதவத் தட்டுவேன்? அடக்கம் முடிஞ்சதும் நேரா டாக்டர்ட்ட போ, யாசரக் கூட்டிட்டுப் போ. நம்பரு அனுப்பு, நானே அவன்ட்ட பேசுதேன். படிப்பு கெடக்கட்டும், வரணும்னா வந்துரு, ஒரு கேள்வி கேக்க மாட்டேன், வாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்.

அல்லா ஒனக்கு நீண்ட ஆயுசும் நல்ல ஒறக்கமும் தரட்டும். கனமான கோட்டப் போட்டுக்க, காத மூடிக்க. வெள்ளிக்கிழமை அங்கன நிக்கையில எனக்குக் கால் போட்டுட்டு போனப் பையில வச்சுக்க. நீ பேசாண்டாம். மூச்சு விடுத சத்தம் கேட்டாப் போதும், நான் போனக் காதுல வச்சுட்டு ஒக்காந்திருக்கேன்.

ஒன் உம்மா
நூருன்னிசா