மொட்டைமாடியில் உன் வீடு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் அம்மா, உன் மகள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, சின்னவன் மூன்று பேரும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நான் கேட்கப்போவதில்லை, சுகமாகத்தான் இருப்பீர்கள், பிடித்த வீடு கிடைத்துவிட்டது, பிடித்த பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, இதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் சிக்னல் சரியில்லை அப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். தவிர, போனில் உன் முகம் தெரிகிறது, முகத்தைப் பார்த்தால் பெற்ற மனசு இளகித் தொலைக்கும், காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரொம்பக் கடுமையா எழுதாதீங்க, தெரியாத ஊர்ல தனியா உட்கார்ந்து அழுவா" என்கிறாள். அழட்டும். இங்கே ஒருத்தி அழாமல் இருக்கிறாளே, அதற்கு அது எவ்வளவோ தேவலை.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், இந்த வீட்டில் இத்தனை ஒட்டடை இருந்ததா என்று காலையிலிருந்து துடைப்பமும் கையுமாக அலைகிறாள். கீழ்வீட்டு டெய்லர் என்னை வழியில் நிறுத்தி, "என்ன சார், பேத்தி எப்பதான் கிளம்புது" என்று கேட்டார், மனிதருக்குத் துணி அளக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அடுத்த வீட்டை அளப்பதுதான் வேலை. அவர் கேட்டபோது டமாரம் என் பக்கத்திலேயே நின்றாள். டமாரம் என்று அவளுக்குப் பேர் வைத்தது நீ, பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிரும்படி அலறினாள் என்று. இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது. பதினொரு வயசுப் பிள்ளை வீட்டில் இருப்பதே தெரியவில்லை, கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துகிறாள். சத்தம் போட்டால் இங்கிருந்தும் கழட்டிவிடுவார்கள் என்று பயமோ என்னவோ.

நீ கிளம்பும்போது என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் பரீட்சை வைத்தார்கள், சின்னவன் தேறினான், அவள் தேறவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு மற்ற பிள்ளைகளைவிட நேரமாகும், அது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானே, புதுசாக வந்த வியாதியா. "அவளுக்கு ஏத்த ஸ்கூல் ஒண்ணு பார்த்துட்டு உடனே வந்து கூட்டிட்டுப் போறேம்பா" என்று சொல்லி, அவள் படித்துக்கொண்டிருந்த பள்ளியில் டி.சி.யையும் அவசர அவசரமாக வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். அன்றிலிருந்து உன் மகள் அந்த ஊர்ப் பள்ளியிலும் இல்லை, இந்த ஊர்ப் பள்ளியிலும் இல்லை. கேட்டால் பள்ளி கிடைக்கவில்லை அப்பா, அடுத்த வருஷம் என்கிறாய். அவள் துணிப்பை கட்டியது கட்டியபடியே கட்டிலடியில் இருக்கிறது, ஒரு கவுன் போடவேண்டும் என்றால் அதிலிருந்து எடுத்துப் போட்டுத் துவைத்துத் திரும்ப அதிலேயே மடித்து வைக்கிறாள். தினம் சாயந்திரம் பேப்பரை எடுத்து வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறாள். விளம்பரத்தைக்கூட விடுவதில்லை. "அடுத்த டெஸ்ட்ல தப்பு விடமாட்டேன் தாத்தா" என்கிறாள். எந்த டெஸ்ட், யார் வைக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் சொல்.

இதற்கு நடுவில் நீ வாரத்துக்கொரு வீடு பார்த்து அதன் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய், அப்பா இது எப்படி, அப்பா அது எப்படி என்று. காலம் முழுக்கக் கட்டட காண்டிராக்டரிடம் மார்க்கிங் போட்டவன் நான். காகிதத்தில் எல்லா வீடும் அரண்மனைதான். அஸ்திவாரம் தோண்டுமுன் வெறும் தரையில் சுண்ணாம்புப் பொடியால் சுவர்களைக் கோடு கோடாகப் போட்டு, வீட்டுக்காரர் குடும்பத்தையே அதற்குள் நடக்கவிடுவேன், நடந்தால்தான் எது குறைகிறது என்று தெரியும். பீரோவுக்கு இடமில்லை, மாமியாருக்கு இடமில்லை என்று அங்கேயே சண்டை வந்துவிடும், தோண்டின பிறகு வருவதற்கு அது நல்லது. அந்தப் பழக்கத்தில் நீ அனுப்பிய ஒவ்வொரு வீட்டையும் நம் மொட்டைமாடியில் டேப் பிடித்து நிஜ அளவிலேயே சாக்பீஸால் வரைந்தேன். டேப்பின் அந்தப் பக்கத்தை டமாரம் பிடிப்பாள். வரைந்து முடித்ததும் வாசல் வழியாக உள்ளே போய் ஒவ்வொரு அறையிலும் நின்று பார்ப்பாள், படுத்துப் பார்ப்பாள். ஒரு வீட்டில் பாத்ரூம் தூரம், ராத்திரி எழுந்து போகப் பயமாக இருக்கும் என்று நான் உன்னிடம் சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா? எனக்கென்ன பயம், அது அவள் சொன்னது. ரோட்டுப் பக்க ஜன்னல் வேண்டாம் என்றதும் அவள்தான். அவள் சொல்வதையெல்லாம் என் யோசனை மாதிரி உனக்குச் சொன்னேன், நீயும் அப்பாவின் அனுபவமே அனுபவம் என்று புகழ்ந்தாய். குடிபோகிற பிள்ளைக்கு யோசனை சொல்ல உரிமை உண்டு என்று நானும் நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

கடைசியாக இந்த வீடு. சின்னவன் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு, அந்தத் தெருவில் குடியிருந்தால்தான் அந்தப் பள்ளியில் இடம் என்றாய், சரி. படம் வந்த அன்றே வரைந்துவிட்டேன். மூன்று படுக்கையறை. பெரியது உங்கள் இரண்டு பேருக்கு, மூலையில் இருப்பது சின்னவனுக்கு என்று நீ சொன்னாய். நடு அறையைப் பற்றி நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை, இதில் கேட்க என்ன இருக்கிறது, நாலு பேர் குடும்பம். நானே குனிந்து, முட்டி வலியோடு, நடு அறையில் அவள் பேரைப் பெரிதாக எழுதினேன். அவள் கீழே போய்ப் பாய், தலையணை, அந்தத் துணிப்பை எல்லாவற்றையும் கொண்டுவந்து அதற்குள் வைத்தாள். கட்டில் இந்தப் பக்கம், மேஜை அந்தப் பக்கம் என்று கோடு போட்டாள். ரொம்ப நாள் கழித்து அவள் கத்திப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன், உன் அம்மாவை மேலே வரச்சொல்லிக் கத்தினாள்.

அப்போதுதான் நீ வீடியோவில் வந்தாய், சாவி வாங்கியாச்சு, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று. டமாரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நீ நடக்க நடக்கத் தானும் நடந்தாள். நீ வாசலில் நுழைந்தாய், இவளும் நுழைந்தாள். நீ சமையலறைக்குத் திரும்பினாய், இவளும் திரும்பினாள். நீ அங்கே, இவள் இங்கே, ஒரே வீட்டில் அம்மாவும் மகளும் ஒன்றாக நடக்கிற மாதிரியே இருந்தது, உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரிய அறை பார்த்தாயிற்று. நடு அறை வாசலுக்கு வந்ததும் இவள் உனக்கு முன்னால் உள்ளே போய்ப் பாயில் நின்றுகொண்டாள். நீ கதவைத் திறந்து, "இது அப்பாவோட ஆபீஸ் ரூம்" என்றாய். மேஜையும் இரண்டு கம்ப்யூட்டரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. இவள், "அப்போ நான் எங்கம்மா படுப்பேன்" என்று கேட்டாள். ஒரு நிமிஷம்கூட நீ யோசிக்கவில்லை, "நீ வந்தா ஹால்ல சோபா இருக்குல்ல, விரிச்சா கட்டில்" என்றாய். வந்தால் என்றாய், வரும்போது என்றுகூடச் சொல்லவில்லை. அப்புறம் மாப்பிள்ளை போனை வாங்கி என்னிடம், "மாமா, வீட்டை மூணு வருஷத்துக்கு வாடகைக்கு எழுதி வாங்கிட்டேன், யாரும் அசைக்க முடியாது" என்று பெருமையாகச் சொன்னார். வாழ்த்துக்கள் மாப்பிள்ளை என்றேன், வேறென்ன சொல்ல. பிள்ளைக்கு அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு அவளுக்கு இடமில்லாத வீட்டை எடுத்திருக்கிறீர்கள். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பாயைச் சுருட்டினாள், தலையணையை எடுத்தாள், பையைத் தூக்கினாள். வெறும் சாக்பீஸ் கோடுதானே, தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை, வாசல் வழியாகவே வெளியே வந்தாள்.

அன்றைக்கு உன் அம்மா வாயைத் திறந்தாள். டமாரத்தை மாதிரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் அந்த ஊரின் மறுகோடியில் இருக்கிறதாம், இடமும் தருகிறேன் என்றார்களாம், அந்தப் பக்கம் குடிபோனால் சின்னவனுக்கு இந்தப் பள்ளி கிடைக்காது என்பதால் வேண்டாம் என்றுவிட்டாயாம், அப்பாவிடம் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியமும் வாங்கினாயாம். பள்ளி கிடைக்கவில்லை என்று இத்தனை நாளாகப் பூசி மெழுகினாயே, கைதேர்ந்த கொத்தனார்கூட இப்படிப் பூசமாட்டான். இரண்டு பிள்ளைகளையும் காய்கறிக் கடையில் நின்று அழுத்திப் பார்க்கிற மாதிரி பார்த்து, நல்லதைப் பையில் போட்டுக்கொண்டு மற்றதைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நீ தாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். நீ ஒருத்தனுக்குத் தாய், அவ்வளவுதான். "வாழப்போன இடத்துல அவளுக்கு என்ன கஷ்டமோ" என்று உன் அம்மா சப்பைக்கட்டு கட்டுகிறாள். கஷ்டம் இருக்கட்டும், யாருக்கில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு அறை தேவைப்படுகிற கஷ்டத்தை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன், உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். நம் தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை அவளைப் படிக்கவைத்துக் கேட்டார், நிறுத்தி நிறுத்திப் படித்தாள், அவரும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அம்மா வெளிநாட்ல இருக்காங்கன்னு சொல்றீங்க, நடுவுல கூட்டிட்டுப் போயிட்டா எங்களுக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம், எவ்வளவு நாளைக்கு இங்க இருப்பா" என்று கேட்டார். படிச்சு முடிக்கிற வரைக்கும் என்றேன். அவர் உடனே அவள் பேரை எழுதிக்கொண்டார். வருகிற திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, டெய்லர் யூனிபார்ம் தைத்துக் கொடுத்துவிட்டார். இனிமேல் அடுத்த வருஷம் என்ற வார்த்தையை என் வீட்டுப் போனில் சொல்லாதே. சொன்னால் சிக்னல் சரியில்லை என்று நான் வைத்துவிடுவேன்.

நான் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்துவிட்டோம், அது அவளுக்கு. நேற்று அவளாகவே சாக்பீஸ் கேட்டாள். மாடியில் உன் வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அதே இடத்தில் இந்த வீட்டை வரைந்தாள், டேப்பின் மறுமுனையை இந்தத் தடவை நான் பிடித்தேன். தாத்தா பாட்டி அறை, சமையலறை, ஹால், தன் அறை, தன் கட்டில், தன் மேஜை. எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை, அம்மா வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை, ஹாலில் நின்று நிதானமாக யோசித்துப் பார்த்து, "சோபா இருக்குல்ல தாத்தா, விரிச்சா கட்டில்தானே" என்றாள். உன்னைக் குத்திக்காட்டச் சொன்னாள் என்று நினைக்காதே, அந்தக் குணமெல்லாம் அவளுக்கு என்னிடமிருந்து வரவில்லை. அம்மா வந்தால் வசதியாக இருக்கவேண்டும் என்றுதான் சொன்னாள், சோபாவின் அளவையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வீடியோவில் பார்த்தேன், அந்த ஆபீஸ் ரூம் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊதியிருக்கிறது, உள்ளே ஈரம் இறங்குகிறது. கம்ப்யூட்டரை அந்தப் பக்கம் வைக்கவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். சின்னவனை நான் கேட்டதாகச் சொல், அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவன் நன்றாகப் படிக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் எடுத்த வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இருங்கள், உன் அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். அம்மா கண்ணுக்குச் சொட்டுமருந்து தீரப்போகிறது, இங்கேயே கிடைக்கிறது, நீ அனுப்பவேண்டாம். எப்போதாவது வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா, சோபாவை விரித்து வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
டமாரத்தின் தாத்தா.