நீ பார்க்காத பக்கம்

அயோவா,
ஜூன் 14, 1994

அன்புள்ள எவரெட்,

நலமா? அலாஸ்காவில் மீன்பிடிப் படகு வேலை கடுமையாகத்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை விட்டபாடில்லை. வயல்களில் போட்ட உரமெல்லாம் கரைந்து ஓடுகிறது.

உன் கிணற்றுநீர்க் கட்டுரையைக் கல்லூரி இதழில் போடப்போகிறார்கள். அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலையைப் பேராசிரியர் ஹால்வர்சன் நூலகத்தில் என்னிடம் தந்தார். 'நம் ஊர்க் கிணற்றுநீர் குடிக்க உகந்தது' என்ற வரிக்கு மாவட்டச் சுகாதார அறிக்கையைச் சுட்டி, பக்க எண்ணும் கொடுத்திருக்கிறாய். அறிக்கையை வரவழைத்துப் பார்த்தேன். வாக்கியம் அங்கே முடியவில்லை, எவரெட். 'கைக்குழந்தைகளுக்கு மட்டும் கூடாது, உரத்தின் நைட்ரேட் கலந்திருக்கிறது' என்று தொடர்கிறது. யாரோ ஒருவர் தன் புத்தகத்தில் பாதியை வெட்டிப் போட்டிருக்கிறார். நீ அதிலிருந்து வரியை எடுத்து, அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல், மூல அறிக்கையையே படித்ததுபோல் எழுதிவிட்டாய். "எங்கேருந்து எடுத்தான்னு உள்ளபடி சொல்லியிருந்தா, யாராவது சந்தேகப்பட்டுத் தேடியிருப்பாங்களேம்மா" என்றார் பேராசிரியர்.

மதிப்பெண் போகட்டும். கிளம்பும் முன் நீ அங்கே வாசித்துக் கொடுத்த அந்தக் கட்டுரையைக் காட்டித்தானே நகரமன்றம் இலவசக் கிணற்றுப் பரிசோதனையை நிறுத்தியது?

நேற்று உன் அண்ணி ஜோன் வீட்டுக்குப் போனேன். பாப்பா மேவிஸுக்குக் கிணற்றுநீரில் கலக்கும் புட்டிப்பால்தான். விஷயத்தைச் சொன்னதும், "என் கொழுந்தன் ஆராய்ச்சி பண்ணி எழுதினது பொய்யா? உனக்குப் பொறாமைடி! நான் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுதான் கலக்குறேன்" என்றாள். கொதித்து வற்ற வற்ற நைட்ரேட் செறிவுதான் கூடும் என்றேன். சிரித்தாள். நான் கடையில் வாங்கிப்போன பாட்டில் தண்ணீர் வாசலிலேயே கிடந்தது. நைட்ரேட் ஏறினால் வரும் என்று அறிக்கை சொன்னபடியே, குழந்தையின் உதட்டோரம் லேசாக நீலம் பாரித்திருந்தது. குளிராம். ஜூன் மாதத்தில்! டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை.

உன் படகு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கரை திரும்பினால்தான் தகவல் சேரும் என்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜோன் அழைத்தாள். பாப்பா பால் குடிக்கவில்லையாம், நகங்களும் நீலமாகிவிட்டனவாம். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, நானும் கிளம்புகிறேன். அழுகைக்கு நடுவே, "எவரெட் அந்த அறிக்கையைப் படிச்சான்தானே?" என்று கேட்டாள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் கிணற்றுநீர், நைட்ரேட் என்று சொல்லச் சொன்னேன்.

கரையில் கால் வைத்ததும் அவளுக்குப் போன் செய். அவள் என்ன சொன்னாலும் போனை வைத்துவிடாதே. பிறகு நகரமன்றத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொல். இந்த ஊரில் வேறு தொட்டில்களும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

கடவுள் உனக்குத் தைரியம் தரட்டும்.

உன் தோழி,
லியோனா