தலை வீடு

குறிஞ்சிப்பிட்டி
09.07.2011

அன்பு மகன் இப்ஹாமுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், நீயும் அந்தக் கத்தார் வெயிலில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் கதைத்தால் உன் வாப்பா பக்கத்தில் இருந்து என் கதையைத் திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் கடிதம். அவர் நல்ல சுகம், ஆனால் போன கிழமை முழுக்க ராஜாவாக இருந்து களைத்துப்போனார்.

நீ போன பிறகு நம் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உவர்த்துவிட்டன. நல்ல தண்ணீர் நூர்தீன் நானாவின் கிணற்றில் மட்டும்தான். அதனால் நாலு வீடும் சேர்ந்து பைப் போட்டோம். கிணறு நூர்தீன் நானாவுடையது, பைப் ஜெமீல் கொடுத்தது, மோட்டார் கடைசி வீட்டு றோசமேரி கொடுத்தது. நாம் கொடுத்தது முற்றம், பைப் நம் முற்றத்துக்கு வந்துதான் ஜெமீல் வீட்டுக்கும் றோசமேரி வீட்டுக்கும் இரண்டாகப் பிரிகிறது. தண்ணீர் வந்த அன்று எல்லோர் முகத்திலும் பெருநாள்தான். மறுநாளே யாருக்கு எவ்வளவு என்ற கதை தொடங்கியது. என் கிணறு இல்லாவிட்டால் தண்ணீர் ஏது என்றார் நூர்தீன் நானா, பைப் இல்லாவிட்டால் வாளியில் அள்ளுங்கள் என்றான் ஜெமீல். உன் வாப்பா சும்மா இருப்பாரா, நான் மூடினால் இரண்டு வீடு காயும் என்று சொல்லி, பைப் பிரியும் இடத்து வால்வுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குக்கூடப் போய்வந்தார். றோசமேரி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. அவள் சண்டை பிடிக்கவில்லை மகன், புருஷன் கில்பட்டைக் கூட்டிக்கொண்டு வந்து மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு நாலு வீட்டுப் பைப்பும் காய்ந்தது. வாப்பாவின் சாவி மட்டும் பத்திரமாக இருந்தது. என் மிளகாய்ச் செடிகள் அப்போதுதான் பூத்திருந்தன, காலையில் போய்ப் பார்த்தால் பாதிப் பூ மண்ணில், எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாப்பா பகல் தூக்கத்தில் இருந்தபோது சாவியை எடுத்துக்கொண்டுபோய் றோசமேரியின் கையில் கொடுத்தேன். லாத்தா, நூர்தீன் நானாட கிணத்தில இருந்து எண்ணினா நான் வால், என்ட வீட்டில இருந்து எண்ணினா அவர் வால், ஆளுக்கொரு கிழமை தலையா இருப்பமே என்றாள். அன்று மாலை எல்லோரையும் கூப்பிட்டு அதையே சொன்னாள். முதலில் யார் தலை என்று அவள் கேட்டதும் உன் வாப்பா மிச்சத்தைக் கேட்காமலே கையைத் தூக்கிவிட்டார். பிறகுதான் சொன்னாள், தலை வீடு மற்ற மூன்று வீடும் எடுத்த பிறகு மிச்சத்தைத்தான் எடுக்க வேண்டும், அடுத்த கிழமை அடுத்த வீடு தலை, சுற்றி வந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று. நாலு பேர் முன்னால் தூக்கிய கையை எப்படி இறக்குவது.

மோட்டார் திரும்பி வந்தது, வால்வுப் பூட்டும் கழன்றது. முதல் நாள் நான் செடிகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்தேன். பின்னேரம் அஸர் தொழுத பிறகுதான் நம் முறை வந்தது. எல்லாப் பாத்தியும் நனைந்து, குடங்களும் நிரம்பி, அதற்குப் பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மிச்சமே இவ்வளவு என்றால் இத்தனை நாள் எதற்கு உங்களுக்குள் அடிபட்டீர்கள் என்று கேட்டேன். உன் வாப்பா முகம் கழுவப் போய்விட்டார்.

தொழுகையை விடாதே, வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடி. சாவி என் கையால் போன கதையை வாப்பாவிடம் கேட்டுவிடாதே. அல்லாஹ் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

உன் உம்மா,
ஆசியா உம்மா