இரட்டைக் கோடுகள்

மார்ச் 3

மாப்பிள்ளை இன்றும் இஸ்திரி கலையாமல் வந்தான். ஆய்வகத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வருவதால் நான் வைத்த பெயர். ஹீலியம் ஊற்றிக் கருவியைக் குளிரவைப்பது என் தலையில். ஆய்வகத் தலைவர் வரும்போது திரை முன்னால் நிற்பது அவன் பங்கு.

மார்ச் 5

படிகத்தைக் கடுங்குளிருக்கு இறக்கி, லேசர் பட்ட ஊசிமுனையால் அணு அணுவாக வருடியதில் கோடுகள் தெரிகின்றன. எல்லாம் இரண்டிரண்டாக. சூட்டில் ஒன்றும் இல்லை, குளிரில் மட்டும். புதுக் கண்டுபிடிப்பாம், மாப்பிள்ளை சொல்கிறான். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. குளிரில் ஊசிமுனை பிளந்தால் ஒரு கோடு இரண்டாகத்தானே தெரியும்? இதுகூடத் தெரியாமல் மாப்பிள்ளைக்கு ஒரு முனைவர் பட்டம்.

மார்ச் 6

தலைவரிடம் சொன்னேன்: படிகத்தைக் கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடி எடுப்போம். ஊசிக் கோளாறென்றால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். நிஜமென்றால் ஜோடியாகவே திரும்பும்.

"சூடாக்கி, திறந்து, திரும்பக் குளிர வைக்கணும். அதுக்குள்ள மாநாடே முடிஞ்சிடும்மா."

மாப்பிள்ளை சொல்கிறான், "எனக்கென்னவோ நெஜம்னுதான் தோணுதுக்கா." தோணுதாம்! இனி கருவி எதற்கு, இவனையே மேசையில் உட்கார வைத்துவிடலாம்.

மார்ச் 9

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"யோசிச்சுக்கோம்மா. உன் வேலை நீட்டிப்புக்கு இதுதான் கைகொடுக்கும்."

"யோசிச்சாச்சு சார்."

வீட்டில் இவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "உனக்குக் கோடு மேல கோவமா, அந்தப் பையன் மேலயா?" என்று கேட்டார். இவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 10

கட்டுரையை அனுப்பியதற்குக் கேக் வெட்டினார்களாம். ஜால்ராக்கள். நான் போகவில்லை.

மார்ச் 16

இரண்டு பேரும் மாநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கருவி சும்மா கிடக்கிறது. சூடாக்கத் தொடங்கிவிட்டேன். அவன் மூக்கை உடைக்காமல் விடுவதாக இல்லை.

மார்ச் 19

கால் வட்டம் திருப்பியாயிற்று. ஊசியை மாற்றவில்லை, வேண்டுமென்றேதான். கருவி மறுபடி குளிர்கிறது.

மார்ச் 21

கோடுகள் இரண்டாகவே இருக்கின்றன. இடைவெளி கொஞ்சமும் மாறாமல், படிகத்தோடு சேர்ந்து திரும்பியிருக்கின்றன.

வேறு இடத்தில் எடுத்தேன். அதே. இன்னொரு இடம். அதே.

ஊசியில் ஒரு குறையும் இல்லை. நிஜம். என்ன அழகு, சனியன். அந்த மண்டைக்கு இது ஏன் நிஜம் என்று இன்றைக்கும் தெரியாது. தெரியாமலேயே சரியாகச் சொல்லிவிட்டான் — அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 22

இன்று அவன் பேச்சு. படத்தை அனுப்பவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 23

காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டான். "திருப்பிப் பாத்தீங்களான்னு ஒருத்தர் கேட்டுட்டார்க்கா. முழிச்சேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம்னு சார் சொல்றார். நீங்க அப்பவே சொன்னீங்க, நான்தான் கேக்கல."

இதைத்தானே கேட்க ஆசைப்பட்டேன்?

"வாங்க வேண்டாம்னு சொல்லு. திருப்பிப் பாத்தாச்சு. நெஜம்தான்."

"எப்பக்கா எடுத்தீங்க?"

"முந்தாநாள்."

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 24

படங்களை அனுப்பினேன். தலைவர் நன்றி என்று ஒரு வரி எழுதியிருந்தார். பெயரைச் சேர்க்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.