ட்ரெண்டுக்குத் தெரிந்த விஷயம்

டொலீடோ, ஒஹாயோ
2010 மார்ச் 8

அன்புள்ள ஜோலீன்,

நலமா? போன் இருக்கும்போது அக்கா எதற்குக் காகிதம் செலவழிக்கிறாள் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. பேசுவதற்குத்தானே உனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

முதலில் நல்ல செய்தி. நாற்பத்து நான்கு வயதில் நான் மாணவி ஆகிவிட்டேன், அதுவும் நீ வேலை பார்க்கும் கார்டன்வெல் பல்கலைக்கழகத்தில்! முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றியும் குளிப்பாட்டியும் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இனி நர்ஸாகத்தான் அங்கே நடமாடுவேன். வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே நடத்துகிற படிப்பாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வகுப்பு, மார்ச் 29 தொடக்கம். என்னைச் சேர்த்துவிட்டவன் உங்கள் ஃபீனிக்ஸ் அலுவலகத்து ட்ரெண்ட். ஒரே வாரத்தில் பதினொரு முறை கூப்பிட்டான், விடாக்கண்டன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் தயங்கியபோது அவன் சொன்னான்: "அந்த மருந்தளவுக் கணக்குப் பரீட்சைய நெனச்சுப் பயப்படாதீங்க வெர்னா. மூணு தடவ தோத்தா என்ன, இந்தத் தடவ நாங்க கூட இருக்கோம்ல?"

அம்மாவின் ஆபரேஷனால்தான் நான் அன்றைக்கு நர்ஸ் படிப்பை விட்டேன் என்று ஊரே நம்புகிறது. என் புருஷன் டுவேனும் அப்படித்தான் நம்புகிறான். கணக்கில் தோற்றது உனக்கு மட்டும்தான் தெரியும். ட்ரெண்டுக்கு எப்படித் தெரிந்தது?

அன்புடன்,
அக்கா வெர்னா


ஃபீனிக்ஸ், அரிசோனா
மார்ச் 16

என் செல்ல அக்காவுக்கு,

நீ படிக்கப்போகிறாய் என்று படித்ததும் சமையலறையிலேயே ஒரு குதி குதித்தேன்.

ட்ரெண்ட் சொன்னதில் ஒன்றுமே இல்லை. 'முன்பு ஏன் படிப்பை நிறுத்தினீர்கள்' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். நீயே எழுதிவிட்டு மறந்திருப்பாய். இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு எதுதான் நினைவிருக்கும்? நான் வேறு பிரிவு. உன் காகிதமெல்லாம் என் கண்ணில் படவே படாது.

சந்தேகத்தை மூட்டை கட்டி வை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மட்டும் நினைத்துப் பார்: பட்டம் வாங்கும் நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்து உனக்காக யார் அழப்போகிறார்கள்?

இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

முத்தங்களுடன்,
உன் ஜோ


டொலீடோ
மார்ச் 30

ஜோலீன்,

விண்ணப்பத்தின் நகலை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். நீ சொன்ன கேள்வி அதில் இல்லை. நான் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை என்பதை மறந்துவிட்டாய்.

முதல் வரிசையில் யார் அழப்போகிறார்கள் என்று நீ கேட்டாய். ட்ரெண்டும் அதையேதான் கேட்டான், ஒரு சொல் மாறவில்லை. அவன் கேட்டபோது நான் அழுதேன், கையெழுத்தும் போட்டேன். அதையே உன் எழுத்தில் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நேற்று வகுப்பு தொடங்கியது. படிப்பின் பெயர் சுகாதார நிர்வாகமாம். எங்கள் தலைமை நர்ஸ் ரோவீனா பார்த்துவிட்டு, "இது ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் தள்றவங்க படிப்புடி. இத வச்சு நர்ஸ் பரீட்சைக்கு உன்ன உள்ளயே விடமாட்டாங்க. விசாரிச்சியா இல்லியா?" என்றாள். ட்ரெண்டைக் கேட்டேன். "இது மொதல் படி வெர்னா" என்றான். எதற்கு முதல் படி என்றேன். என் கனவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

உன்னைக் கேட்கிறேன். இதைப் படித்து முடித்தால் நான் நர்ஸ் உரிமத் தேர்வு எழுதலாமா, முடியாதா? அதற்கு மட்டும் பதில் எழுது.

வெர்னா


ஃபீனிக்ஸ்
ஏப்ரல் 6

அக்கா,

முடியாது.

அதோடு நிறுத்தச் சொன்னாய், என்னால் நிறுத்த முடியவில்லை. வேறு பிரிவு என்றது பொய்; ட்ரெண்டும் நானும் ஆள் சேர்ப்பது ஒரே கூடத்தில்தான். அங்கே ஒரு பலகை இருக்கிறது. மாதத்தில் யார் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று அதில் எழுதுவார்கள். ஒருவர் சேர்ந்தால் மணி அடித்துக் கைதட்டுவோம். இரண்டு மாதம் எண்ணிக்கை குறைந்தால் வேலை போய்விடும். மேலாளர் பிரஸ்டன் தினமும் சொல்வது இதுதான்: "வலிக்கிற எடத்தக் கண்டுபுடி. அங்கயே அழுத்து." சேர்க்கப்போகும் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் அட்டை போட்டு, அந்த இடத்தை அதில் குறித்து வைப்போம்.

சொந்தக்காரர்களை நாங்களே சேர்க்கக் கூடாது. அதனால் எங்களுக்குள் மாற்றிக்கொள்வோம், எல்லோரும் செய்கிறதுதான். பிப்ரவரியில் நான் உன்னை ட்ரெண்டுக்குக் கொடுத்தேன். அவன் தன் அத்தையை எனக்குக் கொடுத்தான். உன் அட்டையை எழுதியது நான்தான். மருந்தளவுக் கணக்கு, மூன்று முறை தோற்றது, அம்மாவைச் சாக்காகச் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

ஒரே ஒரு உதவி. ஏப்ரல் 19 வரை விலகாதே. மூன்று வாரத்துக்குள் விலகினால் ஏன் என்று உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மாற்றிக்கொண்டது தெரிந்தால் என் பிழைப்பு போய்விடும்.

உன் ஜோ


டொலீடோ
ஏப்ரல் 12

ஜோலீன்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை உன்மேல் இரக்கம் வந்தது. மூன்றாம் முறைதான் அது போகிற வரிசையைக் கவனித்தேன். முதலில் ஓர் உண்மை, பிறகு உன் கஷ்டம், பிறகு மன்னிப்பு, கடைசியில் நான் செய்ய வேண்டிய காரியம், அதற்கு ஒரு தேதி. ட்ரெண்டும் இப்படித்தான் பேசினான். இதில் என் தங்கை எது, கம்பெனி எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உன் மன்னிப்பைக்கூட சந்தேகப்பட வைத்துவிட்டாயே, பாவி!

நேற்றே விலகிவிட்டேன். கூப்பிட்டு விசாரித்தால் உள்ளதைச் சொல்வேன். டுவேனிடமும் கணக்குப் பரீட்சையைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். "இத மறைக்கவாடி இருபது வருஷம்?" என்று சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ட்ரெண்டின் அத்தை என்ன ஆனாள்? அவளுக்கு வலிக்கிற இடத்தில் நீதானே அழுத்தினாய்? அவளிடம் போய் உண்மையைச் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

வெர்னா


ஃபீனிக்ஸ்
ஏப்ரல் 24

அக்கா,

சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். வேலை போய்விட்டது; அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

அவள் பெயர் ஓலீட்டா. நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை, ஐம்பத்தெட்டு வயது. அதே பள்ளியில் டீச்சராக வேண்டும் என்பது ஆசை. வீட்டிலிருந்து கூப்பிட்டேன். பார்த்துப் படிக்க எதிரே தாள் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. "இதப் படிச்சா டீச்சர் ஆக முடியாது ஓலீட்டா. நான் சொன்னது பொய்" என்றேன்.

அவள் என்னை மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "ரெண்டு மாசம் முன்னாடி நீதானே ஒங்களால முடியும் முடியும்னு அழுதே? இப்ப முடியாதுங்கறே. இதுல எதுடி நெசம்?" என்றாள். இதுதான் நிஜம் என்றேன். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். என்னால் அவளை நம்பவைக்க முடியவில்லை அக்கா. முதல் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளாம், அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம்.

"யாரோ ஒருத்தி முன்னுக்கு வந்தா ஒனக்கு ஏன் பொறுக்கல? ஒனக்கெல்லாம் கூடப் பொறந்தவங்க யாருமே இல்லியா?" என்று கேட்டாள்.

இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜோலீன்